தேர் அன்று எங்கள் வீட்டு டிஷ்

கொக்குவில்காரன்:
கேபிளை வெட்டிவிட்டு டிஷ் பூட்டினது நான்தான். மாதக் காசு வாங்க வருகிற பெடியனோடு வாய்த்தர்க்கம், அந்தக் கோபத்தில் அடுத்த கிழமையே இந்திய டிஷ். படம் பளிச்சென்று இருந்தது. மூன்று மாதம் சந்தோசம்தான்.

அப்புறம் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறியது. 24ஆம் நாள் தேர். அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. வருசா வருசம் உள்ளூர்ச் சானல் கேபிளில் நேரலையாகப் போடுவதைத்தான் பார்ப்பார். அன்று விடியமுன் முழுகி, திருநீறு பூசி, கதிரையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். "தம்பி, போடு." நான் ரிமோட்டை அமத்துகிறேன், அமத்துகிறேன். சென்னையின் நகைக்கடை விளம்பரம் வருகிறது, சமையல் வருகிறது, நல்லூர் வரவில்லை. இந்திய டிஷ்சில் எப்படி வரும்? பூட்டும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைசியில் போனில் எடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "முருகன் இவ்வளவு சின்னனாப் போனான்" என்று சொல்லி, போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிவிட்டுத் திருப்பித் தந்தார்.

மாமரத்தடி:
எங்கள் வீட்டில் கார்த்திகை மழை. நாடகம் முடிகிற நேரம் பார்த்துப் படம் கட்டங்கட்டமாக உடைந்தது. மனுசன் குடையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, தான் நனைய டிஷ்சுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "வந்திட்டுதோ?" என்று மேலே இருந்து கத்துகிறார், "இல்லை" என்று நான் கீழே இருந்து கத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அடுத்த மாதமே கேபிள் எடுத்தோம். கேபிள் என்றால் மழைக்குப் பயமில்லை.

பழைய அன்ரனா:
மாமரத்தடி, சிரித்தேன், ஆனால் கடைசி வரி பிழை. 2022இல் கரண்ட் வெட்டு நேரம் எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், கேபிள் இருக்காது. ஒழுங்கைக்கு ஒழுங்கை தூணில் தொங்குகிற அம்பிளிஃபையருக்கும், அதுதான் சிக்னலைக் கூட்டிவிடுகிற பெட்டிக்கும், கரண்ட் வேண்டும். அது இருக்கிற பக்கம் வெட்டினால் உங்கள் டிவியில் வெறும் புள்ளி. என் அனுபவம் அவ்வளவுதான்.

குடை ஏன் வேலை செய்யவில்லை என்றால், சிக்னலைத் தின்பது டிஷ்சில் விழுகிற தண்ணியை விட வழி நெடுகப் பெய்கிற மழை. வீட்டு டிஷ் வாங்குகிற அலைவரிசை கேயூ பாண்ட், 12 கிகாஹேர்ட்ஸ் பக்கம். மழைத்துளி அதை உறிஞ்சும். கேபிள்காரர் வைத்திருக்கிற பெரிய சட்டி பெரும்பாலும் சி பாண்ட், 4 கிகாஹேர்ட்ஸ் பக்கம். அதற்கு மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. டிஷ்தான் வேண்டும் என்பவர்கள் எல்என்பியில், அதுதான் டிஷ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற சிக்னல் வாங்கி, வயர் பூட்டுகிற இடத்தை ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். வயர் சுவருக்குள் போகமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணி அதில் சொட்டி விழும். மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாள், பகலில் சில நிமிடம் படம் போகும். சூரியன் சற்றலைட்டுக்கு நேர் பின்னால் வருகிறது, தானாகச் சரியாகும். அதற்கு ஆள் பிடித்துக் காசு கொடுக்காதீர்கள். மரக் கொப்பு இருந்தால்...

மாமரத்தடி:
அண்ணை, நான் டிஷ்சைக் கழற்றி வருசம் நாலு. அதில் இப்போது கோழிக்குத் தண்ணி வைக்கிறோம்.

பழைய அன்ரனா:
சரி, மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதினேன்.

கொக்குவில்காரன்:
அண்ணை, டேப் விசயம் எனக்கு உதவியது, இன்றைக்குத்தான் சுற்றினேன். கேபிளும் திரும்ப எடுத்தாகிவிட்டது. அதே பெடியன்தான் வந்தான். பழைய வாய்த்தர்க்கத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை, ஆனால் மறு இணைப்புக் காசில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. இப்போது மேசையில் இரண்டு ரிமோட் கிடக்கிறது. அம்மம்மாவின் ரிமோட்டில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.