நடுவில் விட்ட வெள்ளைத் தாள்

எங்கள் வீட்டின் முதல் காமிக்ஸ் தொகுப்பைப் போட்டவர் அப்பா. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கும் பழக்கம் பாட்டி காலத்திலிருந்தே வீட்டில் உண்டு. அதே மாதிரி, லயன் காமிக்ஸில் வந்த ‘இரத்தப் படலம்’ பாகங்களையும் ஒரே புத்தகமாக்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலையில் குண்டடி பட்டு, நினைவிழந்து கரையொதுங்குகிறான் ஒருவன். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ரோமன் எழுத்தில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது. நான் யார் என்று தேடிக் கிளம்புகிறவன் மேல், அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவன் என்ற பழி வந்து விழுகிறது. பெல்ஜியத்தின் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இந்தத் தொடரின் முதல் ஆல்பம் 1984-இல் வந்தது. எண்பதுகளிலேயே சிவகாசியிலிருந்து தமிழிலும் வர ஆரம்பித்துவிட்டது, கறுப்பு வெள்ளையில், சின்ன அளவில்.

பைண்டிங் கடைக்கு அப்பாவோடு நானும் போனேன். கடைக்காரர் துருப்பிடித்த பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குத்தூசியால் மூன்று ஓட்டை போட்டு, சணல் நூல் கோத்து இறுக்கினார். துத்தம் கலந்த மைதாப் பசை, முதுகுக்குக் காலிகோ துணி. எல்லாம் முடிந்து கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரே வெட்டு. வீட்டுக்கு வந்து பிரித்தால், வலது ஓரத்து வசன பலூன்களில் கடைசி எழுத்துகள் போயிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, போன எழுத்துகளை யூகித்து யூகித்துப் பென்சிலால் எழுதினார். இன்றைக்கும் அந்தப் பொடி எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

அந்த பைண்டில் ஒரு பாகம் கிடையாது. கதாநாயகனைச் சிறையில் அடைத்து வைத்திருக்கும் பாகம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. “பின்னாடி கிடைச்சா பிரிச்சு வெச்சுக்கலாம் சார்” என்று அந்த இடத்தில் கடைக்காரர் வெள்ளைத் தாள்களை வைத்துத் தைத்துவிட்டார். முந்தைய பாகத்தில் மாட்டிக்கொள்கிறவன், வெள்ளைத் தாள்களைத் தாண்டினால் காட்டுக்குள் ராணுவப் பயிற்சி முகாமில் வேறு பெயரோடு நிற்பான். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நானாக எத்தனை கதை பண்ணியிருப்பேன்!

2010-இல் 18 பாகங்களும் ஒரே புத்தகமாக வந்தன. 800 பக்கங்களுக்கு மேல், விலை 200 ரூபாய். இரண்டு ராத்திரியில் முடித்தேன். கதாநாயகனுக்கு மட்டும் இல்லை, எனக்கும் நினைவு தப்பித்தான் போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வருஷக் கணக்கில் விட்டு விட்டுப் படித்ததில் யார் எந்தப் பக்கம், யார் எதைப் பொய் சொன்னார் என்பதெல்லாம் கலைந்து கிடந்திருக்கிறது. தொகுப்பில் படிக்கும்போது, கொலையை விசாரிக்கும் கர்னல் ஆமோஸ் ஏதாவது சொன்னால், இடது கை விரலை அந்தப் பக்கத்தில் செருகிக்கொண்டு 400 பக்கம் பின்னால் போய் அவர் முதலில் என்ன சொன்னார் என்று பார்க்கலாம். தொகுப்பு வாங்குவதே இதற்குத்தான் என்பேன். அலமாரிக்கு அழகு என்பதெல்லாம் அப்புறம். 2018-இல் வண்ணத்தில் மூன்று புத்தகங்களாக வந்ததையும் வாங்கிவிட்டேன்.

இருந்தாலும் அப்பாவின் பைண்டில் அந்த வெள்ளைத் தாள்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் மதுரை. எனக்குத் தொகுப்பு என்றால் 2015-இல் வந்த ‘மின்னும் மரணம்’தான். அதன் கௌபாய் நாயகன் கேப்டன் டைகரைப் பழைய புத்தகக் கடையில் உதிரி உதிரியாகப் பொறுக்கிப் படித்தவள் நான். மெக்ஸிகோவில் பதுக்கிய தங்கத்தைத் தேடிப் போகிறவன் மீதே திருட்டுப் பட்டம் விழும் கதை. கிடைத்த வரிசையில் படித்ததால் எனக்குப் பழி முதலில் வந்தது, தங்கம் பிறகு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வண்ணத்தைப் பற்றி. ஜிரோ வரைந்த பாலைவனத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தபோது எனக்குப் பகலும் ராத்திரியும் ஒரே மாதிரிதான் இருந்தது. தொகுப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் பாறையெல்லாம் ஊதா, நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கிற முகம் மட்டும் மஞ்சள். இத்தனை நாள் ராத்திரியில் நடந்த காட்சியை வெயிலில் நடந்ததாக நினைத்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்ப மனசே வரவில்லை.

புத்தகம் நல்ல கனம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. மாமியார் ராமாயணம் படிக்கும் சிக்குப்பலகையைக் கேட்டு வாங்கி, அதில் வைத்துத்தான் படிக்கிறேன். அவரும் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இந்தக் குதிரைக்காரன் நல்லவனா கெட்டவனா?” என்று கேட்கிறார்.

*

தம்பிக்கு வணக்கம். நான் முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்த நாளிலிருந்து வாசகன். எனக்கு வயது 63.

தொகுப்புகளை நானும் வாங்குகிறேன். ஆனால் உதிரி இதழ்களை எடைக்குப் போடுகிறவர்களைக் கண்டால் மனசு வலிக்கிறது. கதை மட்டும்தானா அந்த இதழ்? ஆசிரியர் நம்மோடு பேசும் ‘ஹாட்லைன்’ பக்கம், வாசகர் கடிதம், கடைசிப் பக்கத்தில் அடுத்த வெளியீட்டு விளம்பரம், இதெல்லாம் தொகுப்பில் எங்கே வரப்போகிறது? எந்த ஊரில் யார் இதே கதையைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை அந்தக் கடிதப் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த முதல் காமிக்ஸ் நண்பர் அப்படி ஒரு கடிதத்தின் கீழே இருந்த பெயர்தான். இன்று வரை பேசிக்கொள்கிறோம்.

கனமான புத்தகங்களை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் உள்தாளின் பாரம் முதுகை இழுத்துவிடும்.

அப்புறம், நீங்கள் சொன்ன அந்தச் சிறைப் பாகம் என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றுக்கு அட்டை இல்லை, உள்பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருவேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காசெல்லாம் வேண்டாம். ஒன்றே ஒன்று: இது ஓரம் வெட்டாத இதழ். உங்கள் பைண்டுக்குள் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அளவுக்காக மறுபடி மெஷினில் கொடுத்துவிடாதீர்கள்.

*

ஐயா, கொடுக்க மாட்டேன். நீட்டிக்கொண்டே இருக்கட்டும். ஈரோட்டுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.