'ஸ்டேஜ் ஃபோர்': எந்தப் பாட்டில் நிறுத்தினீர்கள்?

ராத்திரி ஷிஃப்ட்

கத்திப் பாடும் அமெரிக்க ராக் பேண்ட் டூஷே அமோரே பற்றி இங்கே வருகிறவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். பாடகர் ஜெரமி போல்மின் அம்மா 2014 ஹாலோவீன் அன்று புற்றுநோயில் இறந்தார், அதைப் பற்றிய 'ஸ்டேஜ் ஃபோர்' ஆல்பம் 2016 செப்டம்பரில் வந்தது. இவ்வளவு போதும். எனக்கு அதில் 'எய்ட் செகண்ட்ஸ்' பாட்டு பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

ஆபீஸ் கேபில் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். சின்னப் பாட்டு. நீ மேடையில் நின்றுகொண்டிருந்தபோதே, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டார் என்று அவருக்குத் தகவல் வருகிறது. அந்த வரியோடு பாட்டு முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது.

என் அப்பா போனது ஷிஃப்ட் நடுவில். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். இடைவேளையில் திறந்தால் திரை முழுக்க அண்ணனின் மிஸ்டு கால். அவனைக் கூப்பிடாமல், மெஷினில் காபி பிடித்துக் குடித்து முடித்தேன். தெரிந்துவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மழைக்காகம்

எனக்கு 'நியூ ஹாலோவீன்'. அம்மா கடைசியாக விட்ட வாய்ஸ்மெயிலைக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை என்கிறாரே, அந்த இடம். கேட்க முடியாமல் தாண்டிவிடுகிற பாட்டுகளையும் சொல்வார்: சன் கில் மூனின் 'பென்ஜி' ஆல்பத்தில் இரண்டாவது, அப்புறம் டெத் கேப் ஃபார் க்யூட்டி பேண்டின் 'வாட் சாரா செட்'.

நம் ஊரில் தாண்டவா முடியும்? பெரியப்பா மகள் கல்யாணத்தில் லைட் மியூசிக்காரர்கள் அம்மா பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய், பாட்டு முடிகிறவரை குழாயை மூடவில்லை. பின்னால் வரிசையில் நின்ற தாத்தா, "தண்ணிய நிறுத்தும்மா" என்று அதட்டினார்.

பழைய கேசட்

எல்லோரும் மன்னிக்கணும். இது நல்ல ஆல்பம்தான், ஆனால் வேதனையைக் கத்திப் பாடுவதை இவர்கள் கண்டுபிடித்த மாதிரி பேசாதீர்கள். வாஷிங்டனில் 1985லேயே ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற பேண்ட் அதைச் செய்துவிட்டது. அதில் பாடிய கீ பிச்சோட்டோ (Guy Picciotto) பிறகு ஃபுகாஸி பேண்டில் சேர்ந்தார். 5 டாலர் டிக்கெட்டில் கச்சேரி நடத்திய ஆட்கள். டைரியைப் பிரித்துக் காட்டாமலே உலுக்குவார்கள். இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் பாடகி ஜூலியன் பேக்கர் குரல் வந்ததும் கொஞ்சம் அழகாகிவிடுகிறது, எனக்கு ஒட்டவில்லை.

என்னை அசைத்தது லா டிஸ்ப்யூட் பேண்டின் 'கிங் பார்க்' பாட்டு, 2011இல் வந்தது. அதில் துப்பாக்கியால் சுட்டவன் ஓட்டல் அறையைப் பூட்டிக்கொண்டு, தற்கொலை செய்தால் சொர்க்கம் கிடைக்குமா என்று கேட்பான். ஸ்பீக்கரில் ஓடும்போது அடுப்படியிலிருந்து அம்மா வந்து, "யாருடா அந்தப் பையன், இப்படி அழறான்?" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

ராத்திரி ஷிஃப்ட்

கேசட் அண்ணே, உங்களுக்கு அடுப்படியிலிருந்து வந்து கேட்க அம்மா இருக்கிறார். அதனால் ஒட்டாமல் இருக்கலாம். ஃபுகாஸி சண்டைக்குத் தனி இழை திறங்கள், வருகிறேன்.

சர்வீஸ் பெஞ்ச்

கடைசிப் பாட்டு 'ஸ்கைஸ்க்ரேப்பர்' முடியும்போது அந்த வாய்ஸ்மெயிலே வரும். கடையில் போனைக் கழற்றிக்கொண்டே கேட்டேன், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். இறந்தவர் குரல் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று, ரீசெட் செய்த போனோடு ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாட்டில் இருக்கிறதே என்று விடாதீர்கள். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் நோட்ஸ் தனி ஃபோல்டரில் இருக்கும், ஓபஸ் (.opus) என்ற வகை ஒலி ஃபைல்கள். பெயரில் யார் அனுப்பியது என்று இருக்காது, அதனால் சாட்டைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து ஷேர் கொடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்புங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் இறக்கி, ஆள் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். பென் டிரைவில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று, உடன்பிறந்தவரிடம் ஒன்று. பென் டிரைவ் மட்டும் நம்பாதீர்கள், கெட்டுப்போகும். கேட்கத் தைரியம் வேண்டாம், ஒலியைக் குறைத்துவிட்டுக்கூட இந்த வேலையைச் செய்யலாம். போன் மாற்றும் முன் செய்யுங்கள், மாற்றிய பிறகு என்னிடம் வராதீர்கள்.

பழைய கேசட்

இழை எங்கே ஆரம்பித்தது, எங்கே வந்து நிற்கிறது.

மழைக்காகம்

இருக்கட்டும் அண்ணே, எனக்கு உபயோகம். சர்வீஸ் பெஞ்ச், அம்மா வைத்திருந்தது பட்டன் போன். கால் ரெக்கார்டிங் இருந்தது என்று தம்பி சொல்கிறான். இப்போது ஆன் ஆகவில்லை. எடுக்க வழியுண்டா?

சர்வீஸ் பெஞ்ச்

மெமரி கார்டு போட்டிருந்தாரா? பேட்டரியைக் கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள்.