கருத்தரங்கு போஸ்டர்: ஏ0 அளவில் எவ்வளவு எழுதலாம்?

கயல்_வேதியியல்:
முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. தருமபுரி மாவட்டக் கிணற்று நீரிலுள்ள புளோரைடு பற்றிய ஆய்வைக் கருத்தரங்கில் போஸ்டராக வைக்கப்போகிறேன். ஏ0 அளவு, நெடுக்குவாக்கில். ஐந்து அட்டவணைகளையும் சேர்த்தால் எழுத்து மிகவும் பொடியாகிவிடுகிறது. எதையும் நீக்க வேண்டாம் என்கிறார் நெறியாளர். நடுவர் மூன்று நிமிடம்தான் நிற்பாராம். என்ன செய்வது?

மலைக்கோட்டையான்:
அட்டவணைகளைத் தூக்குங்கள், தங்கை. நடுவராகப் போயிருக்கிறேன், கையில் தேநீரோடு நின்றுகொண்டு ஐந்து அட்டவணைகளை எவரும் படிப்பதில்லை, நான் உட்பட. மாவட்ட வரைபடம் ஒன்று போதும். கிணறுகளைப் புள்ளிகளாக இட்டு, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியவற்றை ஆரஞ்சிலும் மற்றவற்றை நீலத்திலும் காட்டுங்கள். சிவப்பும் பச்சையும் வேண்டாம், சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். "புளோரைடு செறிவு குறித்த ஓர் ஆய்வு" என்றெல்லாம் தலைப்பு வைக்காதீர்கள். ஆழ்துளைக் கிணறுகளில்தான் அதிகம் என்று கண்டிருந்தால் அதையே தலைப்பாக்குங்கள்.

முடிவை மட்டும் நடுவில் பெரிதாகப் போட்டு, விவரங்களுக்குக் கியூஆர் குறியீடு வைக்கும் பாணியை 2019இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் பரப்பினார். நடுவில் அவ்வளவு வெற்றிடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைகள் அதற்குள் போய்விடும், நெறியாளருக்கும் மனக்குறை இராது.

அச்சுமை:
பிளெக்ஸ் கடையில் அடிக்கணக்குதான் பேசுவார்கள். ஏ0 என்பது 84.1 × 118.9 செ.மீ. வெறுமனே "மூன்றுக்கு நான்கு" என்றால் படத்தை இழுத்து நிரப்பிவிடுவார்கள், வட்டம் முட்டையாகிவிடும். ஓரம் விட்டு அச்சிட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும்.

கயல்_வேதியியல்:
நன்றி அண்ணா. நடுவர் வந்ததும் எதிலிருந்து தொடங்கலாம்?

மலைக்கோட்டையான்:
போஸ்டரை மறைக்காமல் பக்கவாட்டில் நின்று, அதிக அளவு வந்த கிணற்றைத் தொட்டுக் காட்டி ஆரம்பியுங்கள். முன்னுரையை ஒப்பிக்க வேண்டாம். புளோரைடு அயனியை மட்டும் தேர்ந்து உணரும் அயனித் தேர்வு மின்முனையால் அளந்திருந்தால், அளக்குமுன் நீர் மாதிரியில் கலக்கும் டிசாப் (TISAB) என்ற தாங்கல் கரைசலை ஏன் சேர்த்தீர்கள் என்று வேதியியல்காரர் எவரும் கேட்பார். அமிலத்தன்மையையும் அயனி வலிமையையும் நிலைப்படுத்துகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் புளோரைடை விடுவிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.