தாத்தா பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தார்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பஜாருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அது வேறு விஷயம். எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. நம் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்களைத் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளம் என்று பேரெடுத்த ஊர் இருக்கிற மாவட்டம் இது. ஆனால் தாத்தா எந்தப் பிரிவு, எங்கே இருந்தார் என்று கேட்டால் ‘பர்மா சண்டை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் அப்பா 1946-இல் ஊர் திரும்பியவர். ஜப்பான்காரனோடு நேருக்கு நேர் கத்திச்சண்டை போட்டார் என்பது எங்கள் குடும்பக் கதை. கல்யாண வீடுகளில் பெரியப்பா அதை ஆளுக்குத் தகுந்த மாதிரி நீட்டிச் சொல்வார்.

தேட ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள், நம்பரைத் தேடுங்கள். முனுசாமியும் கோவிந்தசாமியும் நம் ஜில்லாவில் எத்தனை பேர்! சேர்க்கும்போது எழுதிய கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பட்டாள நம்பர் மட்டும் அவருக்கே உரியது.

எங்களுக்கு நம்பர் கிடைத்தது மெடலில். இரண்டாம் போருக்கான பதக்கங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். ஆறு முனை நட்சத்திரம் என்றால் பின்பக்கம், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில். எங்கள் பாட்டி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். பாதி எழுத்து அதிலேயே போயிற்று. பூதக்கண்ணாடி வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் நம்பர் தெரிந்தது. அதை அடுத்து ‘டி.வி.ஆர்.’, அப்புறம் ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’. அதாவது டிரைவர், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். தாத்தா லாரி ஓட்டியிருக்கிறார். (உங்கள் வீட்டில் மெடல் இருந்தால் தயவுசெய்து புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம்.)

பெரியப்பாவுக்கு இது அவ்வளவாக ரசிக்கவில்லை. எனக்கோ இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. 1944-இல் இம்பாலை ஜப்பானியர் சுற்றி வளைத்தபோது, கோஹிமா வழியாகத் திமாப்பூர் போகிற சாலை அறுந்து, அந்த வருடம் ஜூன் 22-ஆம் தேதிதான் திறந்தது. அந்த மலைச் சாலையில் மழையிலும் சேற்றிலும் அரிசியும் குண்டும் ஏற்றிப் போனவர்கள் இல்லாமல் எந்தச் சிப்பாய் சண்டை போட்டிருப்பான்? பழைய மெட்ராஸ் காலாட்படையை இரண்டு போருக்கும் நடுவிலேயே கலைத்துவிட்டார்கள், இரண்டாம் போர் வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழும்பியது. அதனால் நம் ஆட்கள் நிறையப் பேர் சப்பர் (பாலம், சாலை போடுகிற பொறியாளர் படை), லாரி, சிக்னல் (தகவல் தொடர்பு), பயனியர் (மண்வேலை, சுமைவேலை பார்க்கிற படை) என்று போனார்கள். பர்மாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் கலேவாவில் 1944 டிசம்பரில் 1154 அடி நீளத்துக்கு மிதக்கும் பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சீக்கிரமாகப் போடுகிற பாலம்) போட்டதே இந்தியப் படையின் பொறியாளர் கம்பெனிகள்தான்.

நம்பரும் பிரிவும் தெரிந்தால் எந்த ஊர் ராணுவப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுவது என்பது தெரிந்துவிடும். சப்பர் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். லாரிக்காரர்களுக்கும் பெங்களூருதான். வாரிசுச் சான்று, ஆதார் நகல், மெடல் போட்டோ எல்லாம் இணைத்து அனுப்பினேன். வந்த பதிலில் பாதி ஏமாற்றம். பென்ஷன் இல்லாமல் விடுவித்தவர்களின் சேவை ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்து அழிப்பது விதி. 1946-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நம் தாத்தாக்கள் முக்கால்வாசிப் பேர் இந்த வகைதான். ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பேரேட்டை அழிப்பதில்லை. சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, ரேங்க் அதில் இருக்கும். கடிதத்தில் ‘லாங் ரோல்’ என்ற வார்த்தையைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தோன்றாதது. பென்ஷன் இல்லாத இரண்டாம் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்து வருகிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ எப்போதாவது அதற்கு மனுப் போட்டிருந்தால், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக் கோப்பில் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் நகல் கிடக்க வாய்ப்பு இருக்கிறது. எங்கள் பாட்டியின் மனுவில் இருந்தது. ஊர், தாலுகா, தபால் நிலையம், உயரம், ‘இடது புருவத்தில் தழும்பு’, நடத்தை ‘மிக நன்று’. அந்தத் தழும்பு எனக்கே நினைவிருக்கிறது. மாடு முட்டியது என்பார்.

மாவட்டம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உஷார். காகிதத்தில் ‘வடஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூர் என்று முடிவு கட்டாதீர்கள். திருவண்ணாமலை 1989-இல் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல். முதல் போருக்குப் போனவரின் குடும்பம் சித்தூர்ப் பக்கம் என்றால், 1911 வரை அதுவும் இதில்தான் சேர்த்தி. எந்த மாவட்ட அலுவலகத்தில் பழைய கோப்பு தங்கியது என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

ஆரணியிலிருந்து ஒருவர்:

எங்கள் பெரிய தாத்தா திரும்பியே வரவில்லை. சிங்கப்பூரில் பிடிபட்டார் என்று ஒரு தகவல், அதோடு சரி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடித் தேடி அலுத்துவிட்டது. அப்புறம் கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் வடஆற்காடு என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டோம். பட்டியல் வந்தது. இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இந்த ஊர் என்று இருக்கும். பெரிய பாட்டி பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். தாத்தா பெயரில் நாங்கள் கற்பனைகூடச் செய்யாத எழுத்துகளைப் போட்டிருந்தார்கள். பெயர் பொறித்திருப்பது சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில். அங்கே 24,000-க்கும் மேல் பெயர்கள், உடல் கிடைக்காதவர்கள்.

இறந்த தேதி தெரியாததால் இத்தனை காலம் மகாளய அமாவாசையில்தான் படையல் போட்டு வந்தோம். இப்போது தேதி கிடைத்திருக்கிறது. பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்துத் தரச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. அத்தைக்கு மட்டும் தயக்கம். இத்தனை வருஷம் வந்து வாங்கிக்கொண்டவர் அமாவாசையை எதிர்பார்ப்பார் இல்லையா என்கிறார்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்:

சார், சிங்கப்பூர் விழுந்த பிறகு நேதாஜி படையில் சேர்ந்தவர்களை எப்படித் தேடுவது? எங்கள் தாத்தாவின் தம்பி அப்படித்தான் என்கிறார்கள். வீட்டில் மெடல் எதுவும் இல்லை.

முதலில் எழுதியவர்:

குடியாத்தம் தம்பிக்கு: அவர் முதலில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து கைதியாகி அங்கே போனாரா, இல்லை மலாயாவில் தோட்ட வேலைக்குப் போய் அங்கிருந்தே சேர்ந்தாரா என்பதை முதலில் விசாரியுங்கள். இரண்டாவது என்றால் ராணுவப் பதிவு அலுவலகத்தில் பட்டாள நம்பரே இருக்காது, அங்கே எழுதிப் பயனில்லை. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கோப்புகள் இருக்கின்றன, அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தியாகி பென்ஷனுக்கு (சுதந்திரப் போராட்டக்காரர்களுக்கான பென்ஷன்) மனுப் போட்டிருந்தால் அதற்கும் ஒரு கோப்பு எங்காவது இருக்கும். வயதானவர்களிடம் ‘தியாகி பென்ஷன்’ என்று கேளுங்கள், ஐ.என்.ஏ. என்றால் சிலருக்குப் புரியாது.

ஆரணிக்காரருக்கு: காணாமல் போனவர்களுக்கு ராணுவம் சில சமயம் உத்தேசமாகத்தான் தேதி போடும். அதனால் உங்கள் அத்தை சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன். புதுத் திதியையும் செய்யுங்கள், அமாவாசையையும் விடாதீர்கள். ஆணையத்தின் தளத்தில் அவர் பெயருக்கு ஒரு நினைவுச் சான்றிதழ் இறக்கிக்கொள்ளலாம். அச்செடுத்து லேமினேட் செய்து படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பெரிய தாத்தாவின் பெயரைத் திருத்தித் தரச் சொல்லியும் ஆணையத்துக்கு எழுதலாம், ஆதாரமாக ரேஷன் கார்டோ பழைய பத்திரமோ இருந்தால் இணைத்து அனுப்புங்கள்.