கித்தான் கூடாரத்துக்குள் விறகடுப்பு: எந்த அளவு, எந்தத் தகடு, இரவு முழுவதும் எரியவிடலாமா?

கூடாரவாசி:

அனைவருக்கும் வணக்கம். நடுவில் ஒற்றைக் கம்பம் நிற்கும் பருத்திக் கித்தான் கூடாரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. விட்டம் 4 மீட்டர், கம்பத்தின் உயரம் 2.5 மீட்டர்; பக்கச் சுவர் 60 செ.மீ. மட்டுமே எழும்பி, அதன்பின் கூரை சரிந்து உச்சிக்குப் போகிறது. பெரியவர்கள் இருவர், குழந்தை ஒன்று என மூவர் படுப்போம். இரவில் உறைநிலையை ஒட்டிக் குளிரும் பருவத்திலும் முகாமிட விரும்புவதால், புகைக்குழாயுடன் கூடிய சிறிய விறகடுப்பு வாங்கலாம் என்றிருக்கிறோம். குழாய் வெளியேறுவதற்கான துளை கூடாரத்தில் இன்னும் வைக்கப்படவில்லை.

எவ்வளவு பெரிய அடுப்பு தேவைப்படும், இரும்பா டைட்டானியமா என்பவற்றில் தெளிவு வேண்டும். இன்னொன்றுதான் மனதை உறுத்துகிறது. விசாரித்த இடத்தில் விற்பனையாளர் ஒருவர், "பெரிய அடுப்பாக வாங்கி, படுக்கும் முன் விறகை நிறைத்துக் காற்றுத் துளையை மூடிவிடுங்கள், விடியும்வரை கனன்றுகொண்டே இருக்கும்" என்றார். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தையோடு படுக்கும் இடத்தில் அது சரியா?

வெண்தணல்:

வணக்கம். அந்த விற்பனையாளர் சொன்னதைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். கூடார அடுப்பில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அவர் சொன்ன அந்த ஒரே பழக்கத்திலிருந்துதான் கிளைக்கின்றன. காற்றை அடைத்துவிட்டால் விறகு எரியாமல் புகையும். புகையும் விறகு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை மிகுதியாக வெளியிடும். குழாயும் சூடு குறைந்து, புகையை மேலே இழுக்கும் வலுவை இழக்கும். வாயு அதிகமாக உண்டாகும் நேரமும் அது வெளியேறும் வழி தளரும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஆகவே அளவைப் பற்றிய கேள்வியும் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும் வேறு வேறல்ல. உங்கள் கூடாரத்தின் கித்தான் பரப்பு ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வரும். ஒற்றைத் துணிக்கு அப்பால் வெளிக்குளிர் நிற்கும்போது, உள்ளே 15 டிகிரி கூடுதலாக வைத்துக்கொள்ள 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் தேவைப்படும். காற்றோட்டத்தில் போவதையும் சேர்த்தால் 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. எளிய தகட்டு அடுப்பு அதில் பாதியையாவது உள்ளே தரும் என்று கொண்டால், மணிக்கு ஒன்றரைக் கிலோ விறகு போதும். 35 முதல் 40 செ.மீ. நீளமுள்ள எரியறை கொண்ட சிறிய அடுப்பே இதைத் தாராளமாகச் செய்யும். இதைவிடப் பெரியதை வாங்கினால் கால் மணி நேரத்தில் வெக்கை தாங்காமல் காற்றை அடைப்பீர்கள், அடைத்தால் மேலே சொன்ன கதைதான். சிறிய அடுப்பில் சிறிய, சுறுசுறுப்பான தீயை வைத்து, அரை மணிக்கொருமுறை மணிக்கட்டுத் தடிமனில் பிளந்த துண்டு ஒன்றிரண்டைப் போட்டுக்கொண்டிருப்பதே கூடாரத்துக்கு ஏற்ற முறை.

விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். வெட்டிய புதிதில் சில மரங்களின் எடையில் பாதிவரை தண்ணீராகவே இருக்கும். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதிலேயே தீயின் பலம் போய்விடும். துண்டைப் புதிதாகப் பிளந்து, உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது. இரண்டு துண்டுகளை மோதினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு மொத்தென்று விழும். வண்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், குப்பை ஆகிய எதையும் அடுப்பில் போடக் கூடாது.

தீ மூட்டும்போது குழாய் குளிர்ந்திருந்தால் புகை உள்ளே திரும்பும். காகிதச் சுருள் ஒன்றைக் கொளுத்தி எரியறையில் குழாய் வாய்க்கு நேர்கீழே சிறிது நேரம் பிடித்து, இழுப்பு தொடங்கியபின் சுள்ளிகளை அடுக்குங்கள். தீ சரியாக எரிகிறதா என்பதை வெளியே போய்க் குழாயின் நுனியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: கானல் போல வெப்பம் மட்டும் நடுங்கினால் நல்லது, பழுப்பாகவோ அடர்வெள்ளையாகவோ புகை தவழ்ந்தால் காற்றைத் திறக்க வேண்டும்.

தகட்டுப்பட்டறை:

வெண்தணல் அவர்கள் சொன்ன அளவுதான் என் கருத்தும். நான் தகட்டு வேலை செய்பவன் என்பதால் உலோகத்தையும் குழாயையும் பற்றி எழுதுகிறேன்.

முதுகில் சுமந்து நடப்பவருக்கு மட்டுமே டைட்டானியம் தேவை. அதன் அடர்த்தி எஃகினுடையதில் சுமார் 60 விழுக்காடுதான். மிக மெல்லிய தகடாகவும் பயன்படுத்துவதால் அடுப்பின் எடை வெகுவாகக் குறைகிறது. ஆனால் அந்தத் தகடு முதல் தீயிலேயே நெளியும், சூட்டையும் பிடித்துவைக்காது. வண்டியில் ஏற்றிச் செல்லும் உங்களுடையது போன்ற கூடாரத்துக்குச் சற்றுத் தடிமனான எஃகோ துருப்பிடிக்காத எஃகோ போதும். சாதாரண எஃகாயின், எரியறையின் அடியில் இரண்டு மூன்று செ.மீ. மணலோ சாம்பலோ பரப்பிவைத்தால் அடித்தகடு நீண்ட நாள் தாங்கும். துத்தநாகம் பூசிய குழாயை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இதற்கு வாங்காதீர்கள்; கடும் சூட்டில் அந்தப் பூச்சு வெளிவிடும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். புதிய அடுப்பு எதுவானாலும் முதல் தடவை திறந்தவெளியில் வைத்து நன்றாக எரித்து, பூச்சும் எண்ணெயும் புகைந்து தீர்ந்தபின்னரே கூடாரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

குழாயைத்தான் அடுப்பைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். அடுப்பின் கழுத்து எந்த விட்டத்தில் இருக்கிறதோ அதே விட்டத்தில் மேல்வரை போக வேண்டும். நடுவில் குறுக்கக் கூடாது. அதன் நுனி கூடாரத்தின் முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். தாழ்வாக நின்றால் முகட்டைத் தாண்டிச் சரியும் காற்று புகையைக் கீழே தள்ளும், தீப்பொறியும் கித்தானின் மீதே விழும். துண்டுகளை இணைக்கும்போது குறுகலான நுனி கீழ்நோக்கி, அடுத்த குழாயின் உள்ளே இறங்க வேண்டும். புகையின் சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே போகும்போது தாரும் நீரும் குழாயின் உட்சுவரில் படியத் தொடங்கும். இணைப்பு தலைகீழாக இருந்தால் அந்தக் கருஞ்சாறு வெளிப்புறமாகக் கசிந்து, குழாயில் கோடிட்டு இறங்கி, சூடான இடத்தில் நாற்றத்தோடு தீய்வதைக் கண்ணாலேயே காணலாம். அந்தப் படிவு கெட்டியானால் குழாய்க்குள்ளேயே தீப்பற்றும். ஒவ்வொரு முகாமுக்குப் பின்னும் குழாயைக் கழற்றித் தூரிகை விட்டுத் தேய்ப்பதும், நுனியிலுள்ள தீப்பொறித் தடுப்பு வலையைத் தட்டிச் சுத்தம் செய்வதும் சலிப்பான வேலைகள்தாம். ஆயினும் வலை அடைபட்டால் புகை முழுவதும் உள்ளே வரும்.

கித்தானில் குழாய் புகும் இடத்துக்கு, சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழைத் துணியில் செய்த வளையம் வைத்துத் தைக்க வேண்டும். சிலிக்கோன் தொடர்ந்து தாங்கும் சூடு சுமார் 260 டிகிரிதான். ஒற்றைச் சுவர்க் குழாய் அடுப்புக்கு அருகில் அதை எளிதாகத் தாண்டும். ஆகவே துணியைக் கடக்கும் துண்டு மட்டுமாவது இரட்டைச் சுவர்க் குழாயாக இருக்கட்டும். இருட்டில் குழாயின் கீழ்ப்பகுதி மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் அது 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே காற்றைக் குறையுங்கள். இந்த ஒரு சூழ்நிலையில்தான் காற்றைக் குறைக்கச் சொல்வேன்.

அடுப்புக்கும் துணிக்கும் இடையே தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியை விடுங்கள். குறிப்பு இல்லையெனில் 60 செ.மீ.க்குக் குறையாமல் வைப்பது நல்லது. உங்கள் கூடாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சுவர் சரிவாக இருப்பதால், தரையில் அளக்கும்போது போதுமான தூரம் இருந்தாலும், குழாய் மேலே போகப் போகக் கித்தான் அதை நோக்கி வந்துகொண்டே இருக்கும். தரையில் அளந்து திருப்தியடையாமல், குழாயின் முழு உயரத்துக்கும் அளந்து பாருங்கள். அடுப்பின் கால்களுக்கடியில் தீத்தாங்கும் விரிப்பு கதவுப் பக்கம் நன்றாக நீண்டிருக்க வேண்டும், ஏனெனில் கங்கு தெறிப்பது அங்கேதான்.

முகாம்காவல்:

தகட்டுப்பட்டறை ஐயாவுடன் ஒரு சிறு கருத்து வேறுபாடு. குழாய்க்குள் திருப்பும் அடைப்புத் தகடு உள்ள அடுப்புகளில், புதியவர்கள் கைவைக்கும் முதல் பகுதி அதுவே. காற்றைக் குறைப்பதானால் கதவிலுள்ள துளையைக் குறையுங்கள், குழாயை அடைக்காதீர்கள். மூடிய நிலையிலும் இடைவெளி விடும் துளையுள்ள தகடாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரவுத் தூக்கத்தைப் பற்றி. பின்லாந்து இராணுவத்தில் கூடாரத்துக்குள் அடுப்பு எரியும் இரவுகளில் ஒருவர் முறைவைத்து விழித்திருந்து தீயைக் காப்பது நீண்டகால வழக்கம். பனியில் வாழ்ந்து பழகியவர்களே அப்படி என்றால், நாம் ஆளில்லாமல் எரியவிடுவதற்கு நியாயமே இல்லை. உங்களில் ஒருவர் விழித்திருக்க முடியாதென்றால், தணல் முழுவதும் எரிந்து சாம்பலான பின்னரே படுங்கள். தழல் அடங்கிச் செக்கச்செவேலென்று கரித்தணல் மட்டும் கிடக்கும் வேளைதான் புகை தெரியாமல் கார்பன் மோனாக்சைடு மிகும் வேளை. அப்போது காற்றுத் துளையை மூடாமல் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை தொடக்க அறிகுறிகள்; குளிரில் களைத்திருப்பவர் இவற்றை அலுப்பு என்றே நினைத்துத் தூங்கிவிடுவார்.

மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அடுப்பை ஏற்றவே வேண்டாம். ஐரோப்பியத் தரமான இஎன் 50291-இன் இரண்டாம் பகுதி, பயண ஊர்திகளிலும் படகுகளிலும் வைக்கும் கருவிகளுக்கானது. அதிர்வும் குளிரும் தாங்க வேண்டிய கருவிகள் என்பதால் அந்த எண் உள்ளதைத் தேடுங்கள். இத்தகைய கருவி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்க வேண்டும். படுத்திருப்பவரின் தலை உயரத்தில், அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். குளிரில் மின்கலம் தளரும் என்பதால் ஒவ்வொரு மாலையும் பொத்தானை அழுத்திச் சோதிக்கவும். ஒலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் குழந்தையோடு வெளியேறுங்கள். உச்சியிலும் தரையோரத்திலும் உள்ள காற்றுத் திறப்புகளை எவ்வளவு குளிரானாலும் மூடக் கூடாது.

வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே அடுப்பு வராதபடி இடம் பாருங்கள். கித்தானைக் கிழிக்கக்கூடிய கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தை புரண்டு வராமல் அடுப்பைச் சுற்றி உலோகத் தடுப்பு அவசியம். அடுப்புக்கு மேல் கயிறு கட்டித் துணி உலர்த்தும் ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டும்.

கூடாரவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. சிறிய எஃகு அடுப்பு என்று முடிவு செய்துவிட்டோம். எங்கள் கித்தான் தீத்தடுப்பு மருந்து ஏற்றியது என்று சீட்டில் போட்டிருக்கிறது. அப்படியானால் இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாமா? துளையைக் கூரையில் வைப்பதா, பக்கச் சுவரில் வைத்து முழங்கைக் குழாயால் வெளியே எடுப்பதா?

தகட்டுப்பட்டறை:

இடைவெளியைக் குறைக்கக் கூடாது. அந்த மருந்து, தீ பற்றிய இடத்திலிருந்து பரவாமல் தடுப்பதற்கானது. துணி கருகாது என்பதற்கான உறுதி அன்று. வெயிலிலும் மழையிலும் அதன் வலுவும் குறையும். இடம் போதவில்லையென்றால், அடுப்புக்கும் துணிக்கும் நடுவே ஒரு தகட்டை இரு பக்கமும் காற்று புழங்கும்படி நிறுத்துங்கள்.

துளைக்குக் கூரையே மேல். குழாய் நேராக ஏறினால் இழுப்பு வலுவாக இருக்கும், துடைப்பதும் எளிது. முழங்கை வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் புகை தயங்கும், கரி சேரும். ஆனால் உங்களுடைய 60 செ.மீ. சுவருக்கு மேலே சரிவு தொடங்குவதால், அடுப்பை முதலில் கூடாரத்துக்குள் நிறுத்தி, அடுப்பின் கழுத்துக்கு நேர்மேலே தூக்குநூல் பிடித்துக் கித்தானில் அடையாளமிட்ட பின்னரே வெட்டுங்கள். வளையம் சரிவில் அமைவதால் துளை வட்டமாக இராது, முட்டை வடிவில் வரும். அதற்கேற்ற வளையத்தையே கேட்டு வாங்குங்கள். வெளியே நிற்கும் குழாயை மூன்று திசையில் கம்பியால் இழுத்து முளைகளில் கட்ட வேண்டும். கயிறு வேண்டாம், சூட்டில் அறுந்துவிடும்.

முகாம்காவல்:

ஒன்றை விட்டுவிட்டேன். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டுக் கூடாரத்துக்கு வெளியே, கித்தானிலிருந்து தள்ளி, வெறுந்தரையில் வையுங்கள். மேலே ஆறியதாகத் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்புக் கருவியும் இருக்கட்டும். ஆனால் சூடாக இருக்கும் அடுப்பின் மீது தண்ணீரைக் கொட்டாதீர்கள், எழும் கொதிநீராவி முகத்தைச் சுட்டுவிடும்.