ஃப்யூல் ட்ரிம்: எரிபொருளீடா, சரிக்கட்டா?

மல்லேஸ்வரத்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

வயதான ஸ்போர்ட்ஸ் கார்களில் மைலேஜ் ஏன் அடிவாங்குகிறது என்று கண்டுபிடிக்கும் நம் தமிழ்க் கையேடு, ஃப்யூல் ட்ரிம் என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் வந்து நிற்கிறது. வரைவில் 'எரிபொருள் கத்தரிப்பு' என்று இருந்தது. அது ஆகாது. ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்கின்றனவே, அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ட்ரிம் வெட்டு அல்ல. காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்று நிற்பதற்காக, போட்ட கணக்குக்கு மேல் ஈசியூ (இன்ஜினை ஆளும் கணினி) கூட்டியோ குறைத்தோ ஊற்றும் சதவீதம்.

'எரிபொருளீடு' எப்படி? ஈடுகட்டுதல் என்ற பொருளும் வருகிறது, மதிப்பீடு போல ஒரே சொல்லாகவும் நிற்கிறது. நொடிக்கு நொடி ஆடுவது 'உடன் ஈடு', ஈசியூவின் நினைவில் தங்கிவிடுவது 'படிந்த ஈடு'.

அல்சூரிலிருந்து:

ஐயா, 'படிந்த' அருமை, அதை விடவேண்டாம். எரிபொருளீடுதான் இடிக்கிறது. முதலீடு என்றால் முதலை இடுவது. எரிபொருளீடு என்றால் எரிபொருளை இடுவது, அதாவது இன்ஜெக்‌ஷன் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அடுத்த அத்தியாயமே இன்ஜெக்டர் பற்றியது, குழப்பம் நிச்சயம்.

'சரிக்கட்டு' என்று வைக்கலாம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தமிழ் பேசும் மெக்கானிக்கிடம் 'ஈசியூ சரிக்கட்டுது' என்றால் விளக்கமே வேண்டாம். ஆளைக் 'கவனித்து' வழிக்குக் கொண்டுவருவதற்கும் அதே சொல்தான் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கோளாறை வெளியே தெரியாமல் மூடிவைப்பதுதானே இங்கேயும் நடக்கிறது!

கோரமங்களாவிலிருந்து:

சரிக்கட்டுக்கு என் வாக்கு. ஆனால் உடன், படிந்த என்ற இரண்டோடு நிறுத்தினால் கையேடு பாதி பயன்தான். போர்ஷேயின் பாக்ஸ்டர் 986-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் வந்த வண்டி, கடைசியாக வந்ததற்கே 20 வயது தாண்டிவிட்டது. அதன் ஈசியூவான பாஷ் மோட்ரானிக், படிந்த கணக்கை இரண்டாகப் பிரித்து வைக்கிறது: ஐடிலையொட்டி (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு நிலையான அளவைக் கூட்டுவது ஒன்று, லோடு ஏறும்போது மொத்தத்தையும் ஒரு விகிதத்தால் பெருக்குவது இன்னொன்று. எனவே 'கூட்டுச் சரிக்கட்டு', 'பெருக்குச் சரிக்கட்டு' இரண்டும் வேண்டும். கோளாறு எந்தப் பக்கம் என்பதை இந்தப் பிரிவுதான் சொல்கிறது.

இன்டேக்கில் விரிசல் இருந்தால் ஏர்ஃப்ளோ சென்சாருக்குத் தெரியாமல் நுழையும் காற்றின் அளவு கிட்டத்தட்ட மாறாதது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அது பெரிதாகத் தெரியும், 2500 ஆர்பிஎம்மில் கரைந்துவிடும். ஆக, கூட்டு எகிறும், பெருக்கு அமைதியாக இருக்கும். 986-இல் முதலில் பார்க்கவேண்டியது ஆயில் ஊற்றும் குழாயின் மடிப்பு ரப்பரையும், இன்ஜினுக்குள் எழும் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஏர்-ஆயில் செப்பரேட்டரையும். சென்சாரே எண்ணெய்ப் படலம் பிடித்துக் காற்றைக் குறைத்துச் சொன்னாலோ, ஃபில்டர் அடைத்து பெட்ரோல் அழுத்தம் விழுந்தாலோ, லோடு ஏற ஏறப் பெருக்குதான் ஏறும். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டவர்கள் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் இப்படிப் பிரித்துக் காட்டாது. இன்ஜின் நன்றாகச் சூடாகி கூலன்ட் 80 டிகிரி தாண்டட்டும், ஏசியை அணையுங்கள். ஐடிலில் உடன், படிந்த இரண்டையும் கூட்டி எழுதுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி எழுதுங்கள். ஐடிலில் +14, 2500-இல் +3 என்றால் காற்றுக் கசிவு. +4 இருந்தது +13 ஆனால் சென்சார் அல்லது அழுத்தம். ஐடிலில் −12 என்றால் ஒழுகும் இன்ஜெக்டர், அல்லது டயாஃப்ரம் கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர். ±5-க்குள் கவலை இல்லை, ±10 தாண்டினால் விடக்கூடாது. இது ஆறு சிலிண்டர் பாக்ஸர்; பக்கத்துக்கு மூன்று சிலிண்டராக நிற்கும் பேங்க் ஒன்றுக்கும் இரண்டுக்கும் தனித்தனி எண் வரும். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் பொதுக் காரணம், ஒன்று மட்டும் நகர்ந்தால் அந்தப் பக்கத்தில் தேடுங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

கூட்டு, பெருக்கு இரண்டையும் ஏற்கிறேன். ஒரு சந்தேகம். சரிக்கட்டு பிளஸ்ஸில் ஏறினால் மைலேஜ் அந்த அளவு போகிறது என்று வாசகர் முடிவுகட்டிவிடமாட்டாரா?

கோரமங்களாவிலிருந்து:

கட்டத்தான் செய்வார், அதனால் அங்கேயே மறுத்து எழுதவேண்டும். கசிந்து வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் ஈசியூ சேர்க்கிறது. கலவை சரியான விகிதத்துக்கே திரும்புகிறது. அதில் மைலேஜ் பெரிதாகப் போகாது. உண்மையில் டேங்க்கைக் காலி செய்வது பொய்யான பிளஸ். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் துருப்பிடித்து கேஸ்கெட் கசிந்தால், துடிப்புக்கிடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைத் தொடுகிறது. கலவை மெலிந்துவிட்டது என்று சென்சார் சொல்ல, நன்றாக இருந்த கலவையில் ஈசியூ பெட்ரோலைக் கொட்டுகிறது. ஃபிளாஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம், இரண்டும் இதைக் காட்டிக்கொடுக்கும். உறுதி செய்ய, இன்ஜின் ஆறியிருக்கும்போது வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டெயில் பைப்பில் பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துக் குமிழி பாருங்கள்.

உடன் சரிக்கட்டு அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் அது நல்ல செய்தி அல்ல. ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமலே ஊற்றிக்கொண்டிருக்கலாம், சூடேறாத இன்ஜினில் அப்படி நடக்கும். தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்து மைலேஜ் மட்டும் இல்லையென்றால் இன்ஜினை விட்டுவிட்டு பிரேக் காலிப்பர் பிடிக்கிறதா, டயர் காற்று எவ்வளவு என்று போகலாம்.

அல்சூரிலிருந்து:

இரண்டு சேர்க்கை. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சரிக்கட்டு மாறும் என்று சொல்வார்கள். ஏர்ஃப்ளோ சென்சார் காற்றின் நிறையை அளக்கிறது, உயரம் அதிலேயே அடங்கிவிட்டது.

ஆனால் பெட்ரோல் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு உரிய விகிதம் சுமார் 13.5. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குக் கணக்கிட்ட வண்டியில், எந்தக் கோளாறும் இல்லாமலே பெருக்குச் சரிக்கட்டு 8 சதவீதத்தை ஒட்டி நிற்கும், மைலேஜும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டு பேங்கிலும் சமமாக +8 இருந்தால் சென்சாரை மாற்றக் கிளம்பவேண்டாம். ±5 வரம்புக்குப் பக்கத்தில் 'இ20 ஊற்றினால் பூஜ்யத்துக்குப் பதில் +8-இலிருந்து எண்ணுக' என்று போட்டே ஆகவேண்டும்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

போட்டுவிடுகிறேன். சரிக்கட்டு; உடன், படிந்த; கூட்டு, பெருக்கு. கலவை சரியான விகிதத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் லாம்டாவுக்குத் தமிழ் தேடவில்லை, லாம்டாவாகவே இருக்கட்டும். அடுத்தது ஏர்-ஆயில் செப்பரேட்டர். 'எண்ணெய்பிரிப்பி' என்று யாரோ எழுதியிருக்கிறீர்கள். அது காற்றைப் பிரிக்கிறதா எண்ணெயைப் பிரிக்கிறதா என்பதை முதலில் முடிவுசெய்வோம்.