புது வால்வு சீல் போட்டும் காலையில் நீலப் புகை: உதவுங்க

கேள்வி (பொள்ளாச்சி):
வணக்கமுங்க. தேங்காய் ஏற்றுகிற பழைய ஆம்னி வேன், 796 சிசி பெட்ரோல். போன மாதம் ஒரு பட்டறையில் ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதி) இறக்கி, கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) மாற்றி, வால்வு உரசி, கைடு தலையில் ஆயில் இறங்காமல் தடுக்கிற புது ரப்பர் சீல் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை. வால்பாறையிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கி, ஆழியாறு வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருபவருக்கு ரோடே தெரியாது. ஹெட்டைத் திரும்ப இறக்கிவிட்டேன். ஆறு சீலில் இரண்டு கைடைவிட்டுக் கழன்று வால்வுத் தண்டோடு மேலே வந்திருக்கின்றன. ஒன்றில் தண்டை ஒட்டிப் பிடிக்கிற உதடு கிழிந்திருக்கிறது. புது செட் வாங்கியாச்சு. எப்படிப் போட்டால் நிற்கும்?

பதில் (ஈரோடு):
மேட்டில் இழுக்கும்போது புகை இல்லையென்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டாம். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே இறங்குகிறீர்கள். அப்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி, கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். அது எரிவதுதான் நீலப் புகை.

பதில் (கோவை, ஹெட் வேலை செய்பவன்):
தம்பி, சீல் கழன்றதற்குக் காரணம் தெரியாமல் புதுசைப் போடாதீங்க. கைடு மாற்றியதாகச் சொல்கிறீர்கள். ஆறு கைடும் ஹெட்டுக்கு மேலே ஒரே உயரம் நிற்கிறதா என்று அளந்து பாருங்க. ஒன்று கூடுதலாக நீட்டியிருந்தால், வால்வு முழுசாகத் திறக்கும்போது வால்வு ஸ்பிரிங்கின் மேல்தட்டு சீலை இடிக்கும். உயரம் சரியென்றால், சீல் அடிவரை உட்காராமல் விட்டிருப்பார்கள்.

ஸ்பிரிங்குக்கு அடியில் வருகிற வாஷரை முதலில் வையுங்க. சீல் போட்ட பிறகு அது இறங்காது. அதற்காகச் சீலைக் கழற்றினால் அந்தச் சீலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கைடு தலையில் பழைய ரப்பர் துணுக்கு, வால்வு உரசிய பேஸ்ட் எதுவும் இருக்கக் கூடாது. சீலின் உள்பக்கம் எஞ்சின் ஆயில் தடவி, அதன் உடம்பில் மட்டும் பிடிக்கிற டூலால் கையாலேயே அழுத்துங்க. அடிவரை போனது கையில் தெரியும். சுத்தியல் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு தட்டிலேயே உதடு கோணிக்கொள்ளும்.

கேள்வி (பொள்ளாச்சி):
சரிங்கண்ணா, உயரம் அளந்துவிட்டுச் சொல்கிறேன். உதடு கிழிந்தது எதனால்?

பதில் (கோவை):
தண்டு நுனியில், ஸ்பிரிங் தட்டைப் பிடிக்கிற லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மையாக இருக்கும். வால்வு கீழேயிருந்து ஏறும்போது அதுதான் உதட்டை அறுக்கிறது. பிசிறை நைஸ் எமரியால் எடுத்து, நன்றாகத் துடைத்து, தண்டிலும் கைடிலும் ஆயில் விட்டு, திருகிக்கொண்டே மெதுவாக ஏற்றுங்க. ஏற்றிய வால்வைத் திரும்ப உருவாதீங்க. அப்புறம் ஸ்பிரிங்கில் சுற்று நெருக்கமான முனை ஹெட் பக்கம் வரணும்.

ஹெட்டை மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் புகையத்தான் செய்யும், சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் அது. ராத்திரி முழுக்க நிறுத்தி, மறுநாள் காலை ஸ்டார்ட்டில் பார்த்துச் சொல்லுங்க.